முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தது

பொம்மனஹள்ளி, பெங்களூர்.
ஆடி வெள்ளி கழிந்த திங்கட்கிழமை.

மல்லேஸ்வரம் திரு. அனந்தபத்மநாபன் அவர்களின் சமூகத்துக்கு, சந்திரன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

'சம்பந்தி' என்று எழுதத்தான் பேனா போனது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சொல்லை எழுதும் உரிமை எனக்கு மிச்சமிருக்கிறதா என்று தெரியாததால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இவ்விடம் என் மனைவி மரகதமும் மகள் கிருத்திகாவும் சௌக்கியம். இரண்டு பேரும் என்னோடு பேசுவதில்லை என்பதால் முகத்தைப் பார்த்து யூகித்துத்தான் சொல்கிறேன். அவ்விடம் தாங்களும், தங்கள் இல்லத்து அம்மாளும், முகுந்தனும் நலமாக இருக்கவும், தங்கள் வெள்ளை கான்வாஸ் ஷூவில் பட்ட கறை நீங்கியிருக்கவும் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். ஷூவில் வெந்நீர் மட்டும் ஊற்ற வேண்டாமாம், ஊற்றினால் வெந்துபோய் ஒட்டிக்கொள்ளுமாம், பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். இது மரகதம் சுவரைப் பார்த்துச் சொன்னது. தங்களுக்காகத்தான் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது தபாலில் கடிதம் போடுவார்களா என்று தாங்கள் நினைக்கலாம். வாட்ஸ்அப்பில் 'சார், ஸாரி' என்று தட்டி அனுப்பினேன். தட்டிய பிறகு, இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இவ்வளவு சின்னச் சொல்லா என்று அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். அழித்தாலும் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று அந்தச் சனியன் தங்களுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று கிருத்திகாதான் சொன்னாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது. போன் செய்யலாமென்றால், தாங்கள் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயம் இன்னொரு பக்கம். ஆகவே பேனா. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். தாங்கள் கூடவே இருந்து பார்த்தவர்தான் என்றாலும், இந்தக் கடிதத்தைத் தங்கள் இல்லத்து அம்மாளும் படிப்பார்கள் அல்லவா. கோல்ஃப் ஆட்டம் அவர்களுக்குப் பழக்கமில்லை என்று முகுந்தன் சொல்லியிருக்கிறான்.

முதலில் நான் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். வேலையில் இருந்தவரை ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். உருப்படி ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் எடுத்துச் சிவப்புக் கூடையில் போடுவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் கூடை போய்விட்டது, கை மட்டும் நமநமத்துக்கொண்டே இருந்தது. கம்பெனி புண்ணியத்தில் அத்திபெலேவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன கோல்ஃப் மைதானத்தில் உறுப்பினர் ஆனேன். மற்றவர்கள் அங்கே அடிக்கக் கற்றுக்கொண்டார்கள், நான் விதிகளைக் கற்றுக்கொண்டேன். பந்து எங்கே போனாலும் அதற்கு ஒரு விதி உண்டு என்பதில் எனக்குக் கிடைத்த நிம்மதி வேறெதிலும் கிடைக்கவில்லை. நான் வருவதைப் பார்த்தால் "சந்திரன் வர்றாரு, பின்னாலயே புஸ்தகமும் வருது" என்று சொல்லிக்கொண்டு மற்ற உறுப்பினர்கள் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்துவிடுவார்கள். நான் தாண்டிப் போகும்வரை கட்டிக்கொண்டே இருப்பார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

கல்யாணப் பேச்சு தொடங்கி, நாம் இரண்டு குடும்பமும் தங்கள் வீட்டில் சந்தித்தபோது ஜாதகம், ஜாதி, யார் எந்தச் சடங்கை விட்டுக்கொடுப்பது என்று எல்லாமே பெரிய மனதோடு தீர்ந்துபோனது. தங்கள் இல்லத்து அம்மாளுக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். "எல்லாம் சரி, உங்காத்துல முட்டை உண்டோ?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முட்டை உண்டு என்பதை மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "கவலையே படாதீங்கம்மா, ரெண்டு குடும்பத்துக்கும் நடுவுல முட்டைன்னு ஒண்ணு என்னைக்கும் வராது, அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். அம்மாள் சிரித்தார்கள். தாங்கள் காபி இன்னொரு டம்ளர் கொண்டுவரச் சொன்னீர்கள். அந்த வாக்கை அம்மாள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆடி மாதத்தில் நல்ல காரியம் பேசக்கூடாது, ஆவணியில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம், அதுவரை பெரியவர்கள் இருவரும் பழகட்டுமே என்று பிள்ளைகள் திட்டம் போட்டதும், தாங்களும் கோல்ஃப் ஆடுபவர் என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கிளம்பும்போது கிருத்திகா வாசல்வரை வந்தாள். "அப்பா, ஒரே ஒரு நாள் அந்தப் புஸ்தகத்தை வீட்டுல வெச்சிட்டுப் போங்களேன்" என்றாள். "மனப்பாடமா இருக்கறதை எப்படிம்மா வெச்சிட்டுப் போறது" என்று சொல்லிவிட்டுப் போனேன். தங்களுக்குக் கொடுக்கப் புதுப் பந்து ஒரு டப்பா வாங்கி, மைதானத்து வாசலிலேயே வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தது நினைவிருக்கும். மஞ்சள் நிறப் பந்துகள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு வெள்ளைப் பந்து புல்லில் தெரிவதில்லை என்பதால் நான் மஞ்சளில்தான் ஆடுவேன், மஞ்சள் மங்களகரம் என்று தங்களுக்கும் அதையே வாங்கினேன். இரண்டு பேருக்கும் ஒரே நிறம் என்பதால் அடையாளம் போட்டுக்கொள்வதுதான் முறை என்று அப்போதே ஒரு விதியைச் சொன்னேன். தாங்கள் சிவப்புப் பேனாவால் நெடுக ஒரு கோடு இழுத்தீர்கள், பெருமாள் நெற்றியில் இருப்பதுபோல. நான் எப்போதும் போல ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். ஆக மஞ்சளில் சிவப்புப் பொட்டு என்றால் அது என் பந்து. இதை அம்மாள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆட்டம் ஒன்பது குழி, குழிக்குக் குழி வெற்றி தோல்வி என்று வைத்துக்கொண்டோம். ஏழு குழி முடிந்தபோது நாம் சமம். இவ்வளவு தூரம் நல்லபடியாகவே போனது, இடையில் தாங்கள் இருமியது நான் அடிக்கும் நேரம் என்று நான் சுட்டிக்காட்டியதைத் தவிர. எட்டாவதில் நாம் இரண்டு பேரும் அடித்த பந்துகள் ஒரே மாதிரி வலது பக்கம் சாய்ந்துகொண்டு போயின. ஒன்று வண்டித் தடத்தில் பட்டுத் துள்ளி நடுவில் வந்து நின்றது, ஒன்று ஓரத்துப் புற்றுப் பக்கம் போய் மறைந்தது. எது யாருடையது என்று அவ்வளவு தொலைவிலிருந்து யாருக்குத் தெரியும். ஆனாலும் பெண்ணைக் கொடுப்பவன் நான், மாப்பிள்ளையின் தகப்பனார் பந்து புற்றில் கிடக்கிறது என்று என் வாயால் சொல்வதா. "நடுவுல நிக்கறது உங்களுதுதான் சார்" என்றேன். தாங்கள் அதை எடுத்துக்கூடப் பார்க்காமல் அடித்தீர்கள். என்ன அடி. பந்து போய் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பைகளைத் தள்ளிக்கொண்டு வந்த கோவிந்தப்பா கை தட்டினார். எட்டாவது குழி தங்களுடையது, அதை இப்போதும் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான் புற்றுப் பக்கம் போனேன். அங்கே ஓரமாக மழைத்தண்ணி ஓடும் ராஜகாலுவே இருக்கிறது. அம்மாளுக்காகச் சொல்கிறேன், இப்படிப்பட்ட கால்வாய், பள்ளம் எல்லாவற்றையும் கிளப்காரர்கள் கம்பம் நட்டுக் குறித்துவைப்பார்கள். அதற்குப் பெனால்டி ஏரியா என்று பெயர். பந்து அதற்குள் போனால், எடுத்து வெளியே போட்டு ஆட ஒரு அடி அபராதம். கம்பம் சிவப்பென்றால் பக்கவாட்டில் இரண்டு மட்டை தூரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், மஞ்சளென்றால் நேர் பின்னால் போயாக வேண்டும். ஆனால் பந்து கம்பத்துக்கு வெளியே இருந்து, அடிக்க விடாமல் மனிதர் கட்டிய ஏதாவது தடுத்தால் அபராதமே கிடையாது. அதற்கு ஃப்ரீ ரிலீஃப் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும் என்பதையும் மறைக்கவில்லை. புல் பறிக்க வரும் நம் தமிழ்ப் பெண்கள் அந்தப் புற்றை அம்மனாகக் கும்பிட்டு, நான்கு குழாய் நட்டு மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். பந்து தகரத்துக்குக் கீழே, பூவுக்குள் கிடந்தது. கோவிந்தப்பா தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "அல்லி ஹோகபேடி சார், தேவரு சார்" என்றார். அங்கே போகாதீர்கள், சாமி இருக்கிறது என்று கன்னடத்தில் எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொன்னார். நான் போனேன்.

இப்போது கேள்வி, பந்து கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா. அதற்கு முன்னால் அது என்ன கம்பம். ஆடி வெள்ளி என்பதால் அந்தப் பெண்கள் புற்றுக்குப் பக்கத்தில் நட்டிருந்த கம்பத்தையும் விடவில்லை. உச்சியிலிருந்து அடிவரை மஞ்சள் பூசி, நெற்றி மாதிரி இடம் பார்த்துக் குங்குமம் வைத்திருந்தார்கள். தாங்கள் சிவப்புக் கம்பம் என்றீர்கள், நான் மஞ்சள் என்றேன். எனக்கு அப்போது வந்த யோசனையை எழுதவே கை கூசுகிறது. நகத்தால் அந்த மஞ்சளைச் சுரண்டினேன். அம்மனுக்குப் பக்கத்தில், அம்மனுக்குப் பூசியதை, அடியில் என்ன பெயிண்ட் என்று பார்ப்பதற்காகச் சுரண்டினேன். சிவப்புதான். தாங்கள் சொன்னதுதான் சரி.

கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே நேர்கோடு போட்டால் பந்து எந்தப் பக்கம் என்று பார்க்கத் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடி, புற்றுக்கு நேராகக் குப்புறப் படுத்தேன். அந்தப் பக்கம் புல் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "பெரியவரு பாரு, எப்பிடி விழுந்து கும்புடறாரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அவர்களில் மகா என்பவள் ஓடிவந்து, நான் எழுந்ததும் என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். தாங்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சந்திரன், உங்களுக்கு இவ்ளோ பக்தியா" என்று கேட்டீர்கள். இத்தனை நாள் பழக்கத்தில் தாங்கள் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சும்மா இருந்திருக்கலாம். ஆமாம் சார் என்று சொல்லியிருந்தால்கூட அந்தப் பொய்யை அம்மன் மன்னித்திருப்பாள். நான் பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "கோடு பாத்தேன் சார், பந்து வெளியதான் இருக்கு, தகரத்துக்கு ஃப்ரீ ரிலீஃப் உண்டு" என்றேன்.

தாங்கள் பொறுமையாகத்தான் இருந்தீர்கள். "அது அம்மன் குடியிருக்கற எடம், வேண்டாம், உங்க பந்தை வெளில இருக்கறதாவே வெச்சுண்டு ஆடுங்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று பெரிய மனதோடு சொன்னீர்கள். நான் கேட்டேனா. விதியைத் தள்ளிவைக்க இரண்டு ஆட்டக்காரர்களும் ஒப்புக்கொள்வதே ஒரு குற்றம் என்று அதற்கும் விதி சொன்னேன். அதோடு விட்டேனா. எறும்புப் புற்று என்பது அப்புறப்படுத்தக்கூடிய பொருள்களின் கணக்கில் வருகிறது, சட்டப்படி அதை நாம் கையால் தள்ளிவிடக்கூட அனுமதி உண்டு என்று சொன்னேன். பாம்பு வெளியே வந்தால் ஆபத்தான பிராணி என்ற வகையில் அதற்குத் தனியாக ரிலீஃப் உண்டு என்றும் சொன்னேன். பாம்பின்மேல் பள்ளிகொண்ட பெருமாளின் பெயரை வைத்திருக்கும் ஒருவரிடம், ஆடி வெள்ளியன்று, புற்றுக்கு எதிரில் நின்றுகொண்டு சொன்னேன். மகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நெற்றியில் குங்குமம் வைத்தோம் என்று யோசித்திருப்பாள்.

இனி நடந்ததைத் தாங்கள் கண்ணால் பார்த்தீர்கள். பார்க்காதது, என் புத்தியில் என்ன நடந்தது என்பதுதான். பூவுக்குள் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அதில் சிவப்புப் பொட்டு இருந்தது. வேறென்ன வேண்டும் எனக்கு. இடத்தைக் குறிக்க ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, கையுறை போட்ட கையால் எடுத்தேன். அதன்மேல் இன்னும் ஈரமாக மஞ்சளும் இரண்டு சாமந்தி இதழும் ஒட்டியிருந்தன. துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பந்தை அடையாளம் காண எடுக்கும்போது, தேவைக்கு மேல் துடைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பொட்டு தெரிகிறது, ஆகவே துடைக்கத் தேவையில்லை, ஆகவே துடைக்கவில்லை. உலகத்தில் எந்த மனிதனும் துடைத்திருப்பான். "சந்திரன், பந்து கொஞ்சம் நீளமா இருக்கறாப்ல இல்லையோ" என்று தாங்கள் கேட்டீர்கள். "நீங்க நிக்கற கோணம் சார்" என்று பதில் சொன்னேன். தகரத்திலிருந்து ஒரு மட்டை தூரம் அளந்தேன். ரிலீஃபுக்குப் போடும்போது பையிலிருந்து வேறு புதுப் பந்தைப் போடலாம், அதற்கும் விதி தாராளமாக இடம் கொடுக்கிறது. எதற்கு ஒரு புதுப் பந்தை வீணாக்குவது என்று தோன்றியது.

பழைய விதியில் தோள் உயரத்திலிருந்து போட வேண்டும், இப்போது முழங்கால் உயரம். இந்த மாற்றத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள் என்று தங்களுக்குச் சொல்லி, "கிட்ட வந்து பாத்துக்கங்க சார், நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது" என்றேன். தாங்களும் வந்து பக்கத்தில் நின்றீர்கள். குனிந்து, கையை முழங்காலுக்கு நேராகப் பிடித்து, தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு அதைக் கீழே விட்டேன். சத்தம் வேறு மாதிரி வந்தது. பந்து புல்லில் விழுந்தால் கேட்கவே கேட்காது. குனிந்து பார்த்தபோது அது தங்களுக்கும் எனக்கும் சரியாக நடுவில் இருந்தது, ஓடு ஒரு பக்கம், கரு ஒரு பக்கம், மீதி தங்கள் ஷூவின் மேல். நாட்டுக்கோழி முட்டை. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் என்றைக்கும் வராது என்று நான் வாக்குக் கொடுத்த அதே பொருள்.

தாங்கள் ஷூவைப் பார்த்தீர்கள். "பந்து உடையுமோ சந்திரன்" என்று மட்டும் கேட்டீர்கள். இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும், அப்போதுதானே எப்படி விழுவது என்று செய்து காட்டியிருந்தேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா. "சரியா விழலேன்னா இன்னொரு தடவை போடலாம் சார், விதி இருக்கு." மூன்று இரவாக எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் முட்டை இல்லை, அந்த ஒரு வாக்கியம்தான். தாங்கள் ஷூவைக் கழற்றி ஒரு புதர் ஓரம் தேய்த்தீர்கள், பிறகு கையில் தூக்கிக்கொண்டீர்கள். "கெளம்பறேன், ஆத்துல தேடுவா" என்று சொல்லிவிட்டு சாக்ஸோடு கார்வரைக்கும் நடந்து போனீர்கள். காலை நேரத்தில் யார் தேடப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கோவிந்தப்பா தங்கள் பையை வண்டியில் ஏற்றப் போனார்.

தாங்கள் போன பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. மகா வந்து ஓட்டைப் பொறுக்கினாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "எம் பொண்ணுக்குக் கல்யாணம் கூடிவரணும்னு வேண்டிக்கினு வெச்சதுங்கய்யா" என்றாள். அதைக் கேட்டதும் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக வைத்ததைக் கையில் எடுத்து, இன்னொரு பெண்ணின் கல்யாணத்தையும் சேர்த்து உடைத்துவிட்டேன் என்று தோன்றியது. நான் அறிவியல் படித்தவன்தான், பரிசோதனைப் பிரிவில் இருந்தவன்தான், ஆனாலும் தோன்றியது. என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போல. "உங்க பொண்ணுக்கும் பாக்கறீங்களாய்யா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவளுக்கு மாமனாரு ஆகப்போறவருதான் இப்ப ஷூவைத் தூக்கிக்கினு போனாரு" என்றும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை மறைக்கவா, வருத்தத்திலா என்று தெரியவில்லை. மெயின் ரோட்டுக் கடையில் பாலும் நாட்டுக்கோழி முட்டையும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, "ரெண்டு பொண்ணுக்கும் சேத்து வேண்டிக்கம்மா" என்றேன். "திங்கக்கெழம வேலைக்கி வந்து வெக்கறேங்கய்யா, இன்னிக்கி மனசு சரியில்ல. நீங்க மட்டும் கிட்ட வராதீங்க" என்றாள். நியாயம்தான் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் வருவதற்குள் முகுந்தனுக்கு விஷயம் தெரிந்து, அவன் கிருத்திகாவுக்குச் சொல்லிவிட்டான். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அவர் உங்களுக்காகத் தொப்பியைக் கழட்டினாராமேப்பா" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. மூன்று வருஷமாக அந்தப் பையனைப் பற்றி எங்களிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்து, இந்த வருஷப் பொங்கலன்றுதான் சொன்னாள், மரகதம் சம்மதித்தாள், தாங்கள் சம்மதித்தீர்கள், அம்மாள் முட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இவ்வளவு தூரம் வந்த விஷயத்தில், எதையும் விட்டுக்கொடுக்காதவன் நான் ஒருத்தன்தான். அதுவும் எதற்கு, ஒரு அடி அபராதத்துக்கு. அபராதத்தைக் கட்டிவிட்டு இரண்டு மட்டை தள்ளிப் போட்டு ஆடியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்.

ஆகவே சார், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம். நான் கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்காரத் தயார். தாரை வார்க்கும்போது மட்டும் கூப்பிட்டால் போதும், கையில் எதையும் கொடுக்காதீர்கள், தேங்காயைக்கூட மரகதமே பிடித்துக்கொள்வாள். விதிப் புத்தகத்தை இன்று காலை பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். இனி என் வாயிலிருந்து ஒரு விதி வராது. யாருடைய பந்து எங்கே கிடந்தாலும் அதை அங்கேயே கிடக்கவிடுவேன். தங்கள் மனசு ஆறி, ஆவணியில் ஒரு நாள் பார்த்துச் சொன்னால், வெறுங்கையோடும் குனிந்த தலையோடும் வந்து நிற்பேன்.

தங்கள் இல்லத்து அம்மாளுக்கு என் நமஸ்காரங்கள். எங்கள் வீட்டில் நேற்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் முட்டை சமைக்கவில்லை என்று சொல்லவும். முகுந்தனுக்கு என் ஆசிகள், அவன் நீடூழி வாழ்ந்து எந்த ஆட்டத்தையும் விதி தெரியாமலேயே ஆடட்டும். பெருமாளும், அந்தப் புற்றுக்குள் இருக்கும் அம்மனும் இரண்டு குடும்பத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பொ. சந்திரன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் கோவிந்தப்பா அத்திபெலேயிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கே வந்தார். இன்று காலை மகா புது முட்டையை வைக்கப் பூவை ஒதுக்கியபோது, புற்றோரம் ஒரு மஞ்சள் பந்து கிடந்ததாம், கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் அன்று எடுக்காமல் விட்ட பந்து. அதில் பொட்டு இல்லை. நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. தாங்கள் நடுவிலிருந்து அவ்வளவு அழகாக அடித்துக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த பந்தையும் கோவிந்தப்பா அன்றே எடுத்துவைத்திருந்தார், அதையும் கொண்டுவந்தார். அதில்தான் என் பொட்டு இருக்கிறது. இரண்டும் இப்போது என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் இருந்தது தங்களுடையது என்று சொன்னது நான்தான், மரியாதைக்காகச் சொன்னேன், அதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தன் பந்தைத் தானே அடையாளம் பார்த்து அடிப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு என்று ஆறாவது விதி சொல்கிறது (புத்தகம் இல்லை, மனப்பாடமாக இருப்பதைச் சொல்கிறேன்). குழிக்குக் குழி ஆடும் ஆட்டத்தில் தவறான பந்தை அடித்தவர் அந்தக் குழியை இழக்கிறார். நான் முட்டையைக் கீழே போட்டேனே தவிர அதை அடிக்கவில்லை, ஆகவே என்மேல் அபராதம் எதுவும் இல்லை. தாங்கள் வீட்டுக்குப் போனீர்களே தவிர ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாக வாயால் சொல்லவில்லை, ஆகவே ஆட்டமும் முடியவில்லை, ஒரு குழி பாக்கி இருக்கிறது. இதையெல்லாம் எழுதி அனுப்பக்கூடாது என்று மரகதம் மூன்று நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். நிச்சயதார்த்தத்தை ஆவணியில் வைப்பதா, அதற்கும் பிறகா, வைப்பதா வேண்டாமா என்பதெல்லாம் தங்கள் பெரிய மனசு. எட்டாவது குழி என்னுடையது.